பிளாஸ்க்கில் வந்த ‘சத்து ஊசி’: மாநிலப் போட்டிக்கு முன் ஒரு கேள்வி

தேயிலைமேடு

வணக்கம். இந்தக் களத்தில் படிப்பதோடு நின்றுவிடுகிறவன் நான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது மலைக் கிராமம். வயது 22. 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடுகிறேன். மாவட்டத்தில் என்னை முந்த ஆள் இல்லை. மாநிலப் போட்டிக்குப் போனால் நான்காவது, ஐந்தாவது என்று நின்றுவிடுகிறது. பதக்கம் இல்லாத சான்றிதழை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வாசலுக்குப் போகவேண்டுமென்றால் மேடை ஏறியாக வேண்டும். அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை. கொழுந்து என்ன விலைக்குப் போகிறது என்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னோடு ஓடும் ஓர் அண்ணன் போன வாரம் ஒரு பிளாஸ்க்கைக் கொடுத்தார். திறந்தால் டீ இல்லை. உருகத் தொடங்கிய ஐஸ் துண்டுகள், நடுவில் பாலிதீன் உறையில் சுற்றிய சிரிஞ்சுகள். மருந்து நிரப்பியே வருகிறவை. ஊசி முனையில் சாம்பல் நிற ரப்பர் மூடி, பக்கவாட்டில் ஒரு சின்ன லேபிள், அதில் பாதி சுரண்டப்பட்டிருந்தது. “சத்து ஊசிதான். ரத்தம் ஊறும். வீட்டில் ஃப்ரிட்ஜில் வை, உறைய விடாதே. எப்போது போடுவது என்று நான் சொல்கிறேன்” என்றார். சுரண்டாமல் விட்ட எழுத்துகளை வைத்துத் தேடிப் பார்த்தேன். எரித்ரோபொயட்டின். சிறுநீரக நோயாளிகளுக்குப் போடுவது.

இன்னும் போடவில்லை. பால் பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

மாட்டிக்கொள்வேனா என்று நான் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஓடும் மூவரில் இருவர் இதைத்தான் போடுகிறார்கள் என்கிறார் அந்த அண்ணன். அது உண்மையானால், நான் போடாமல் ஓடுவது நேர்மையா, ஏமாளித்தனமா? உபதேசம் மட்டும் வேண்டாம்.

கல்லட்டி_36

உபதேசம் வேண்டாம் என்று சொன்னதால்தான் எழுத வந்தேன் தம்பி.

2011இல் தென் கொரியாவின் டேகு நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வந்திருந்த வீரர்களிடம், யார் என்ன பதில் சொன்னார் என்று யாருக்குமே தெரியாத ஒரு முறையில், கடந்த ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்தீர்களா என்று கேட்டார்கள். கணக்குப் போட்டதில் 43.6 சதவீதம் வந்தது. அதே ஆண்டு அரபு நாடுகளின் போட்டியில் 57.1 சதவீதம். அந்த ஆய்வு வெளியே வர 2017 ஆகிவிட்டது. சிறுநீர் பரிசோதனையில் சிக்குவதோ நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை 2012இல் பறித்தார்களே, இரண்டாவதாக வந்தவர்களுக்குக் கொடுத்தார்களா? 1999 முதல் 2005 வரை அந்த இடம் இன்றும் காலி. பக்கத்தில் நின்றவர்களிலும் கறை படாதவரைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கடினம்.

போடு என்று நான் சொல்லவில்லை. கல்லட்டியில் சைக்கிள் மிதிக்கும்போது என்னைத் தாண்டிப் போகிறவன் எதைப் போட்டுக்கொண்டு போகிறான் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். மருத்துவர் கண்காணிப்பில் எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டால் பொய்யாவது குறையும் என்பது என் கட்சி. விதி இருக்கிறது, விதியை மீறுகிறவர்கள் மேடையில் நிற்கிறார்கள், மீறாதவன் நான்காவது வருகிறான். இதை நேர்மை என்று அழைப்பவர்கள் அந்த நான்காம் இடத்தில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

விசில்_சார்

முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். நான்காம் இடத்தில் நின்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் மலை ஏறியவன். அதனால் கல்லட்டியாரின் கடைசி வரி எனக்குப் புதிதல்ல.

மருத்துவர் கண்காணிப்பில் அனுமதி என்கிறீர்கள். யாருடைய மருத்துவர்? ஐரோப்பிய சைக்கிள் அணிக்குச் சொந்த மருத்துவர் இருக்கிறார். ஹட்டிப் பையனுக்கு பிளாஸ்க்கோடு வருகிற அண்ணன்தான் மருத்துவர். நீங்கள் கொடுப்பது அனுமதி. அது கீழே வந்து சேரும்போது கட்டாயம் ஆகிவிடும். +1 படிக்கும் பிள்ளையின் அப்பா என்னிடம் வந்து “சார், எந்த ஊசி நல்லது?” என்று கேட்பார். இப்போதே புரோட்டீன் பவுடரில் எது நல்லது என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று. உலகப் போட்டியில்தான் இதெல்லாம் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியது. ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் கோட்டில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில் ஓடிய ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓட, மாதிரி எடுக்க வந்தவர் பின்னால் ஓடினார். மைதானக் கழிவறையில் சிரிஞ்சுகள் கிடந்தன. வயிற்றைக் கலக்கும் செய்தி என்றால் இதுதான். ஒலிம்பிக் தங்கத்துக்கு அல்ல, உன்னைப் போல ஒரு சான்றிதழுக்காக ஓடிய பிள்ளைகள் அவர்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் எடுத்த 7,113 மாதிரிகளில் 260இல் மருந்து இருந்தது. பெரிய நாடுகளில் நாம்தான் முதலிடம். வேறு எதிலும் இவ்வளவு சுலபமாக முதலிடம் வந்ததில்லை.

சமவெளி_ஓட்டம்

கோவையிலிருந்து எழுதுகிறேன். மாரத்தான் ஓடுவதால் மாதம் ஒருமுறையாவது ஊட்டிக்கு வந்து ஓடுகிறேன். கொஞ்சம் கசப்பாகக் கேட்டால் கோபிக்க வேண்டாம்: மலையில் பிறந்த உங்களுக்கு ஏற்கெனவே சாதகம் இருக்கிறதே? ஊட்டி 2,240 மீட்டர். ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் கிடைக்கிறது. அதைச் சமாளிக்க உடம்பே அதிக எரித்ரோபொயட்டின் சுரந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுவைக் கூட்டிக்கொள்கிறது. நான் அதே பலனுக்கு விடுப்பு எடுத்து, அறை வாடகை கட்டி வரவேண்டியிருக்கிறது. என் நண்பர் ஒருவர் ஆக்சிஜனைக் குறைக்கும் கூடாரம் வாங்கி வீட்டிலேயே அதற்குள் தூங்குகிறார். அதை வாடா தடை செய்யவில்லை. பணம் கொடுத்துக் கூடாரத்தில் சிவப்பணுவைக் கூட்டினால் பயிற்சி, ஊசியில் கூட்டினால் குற்றம் என்றால் கோடு எங்கே இருக்கிறது?

பனிமூட்டம்

இந்த வாரக் கடைசியில் பர்லியார் பக்கம் மண்சரிவு என்கிறார்களே, குன்னூர் பாதை திறந்திருக்கிறதா? மேட்டுப்பாளையத்திலிருந்து வரவேண்டும்.

நடத்துநர்

பனிமூட்டம், சாலை நிலவரத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

குன்னூர்_மருந்தாளர்

தேயிலைமேடு, மற்றதெல்லாம் பிறகு. அந்த பிளாஸ்க் உன் வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். போட்டுக்கொண்டால்தான் குற்றம் என்று நினைக்கிறாயா? வைத்திருப்பதே விதிமீறல். போட முயல்வதும் தனி விதிமீறல். உன் மாநிலச் சங்கம் வழியாக நீ எப்போது போட்டியில் பெயர் கொடுத்தாயோ அப்போதே இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவனாகிவிட்டாய். எரித்ரோபொயட்டினுக்கு வழக்கமான தண்டனை நான்கு ஆண்டுத் தடை. 22 வயதில் நான்கு ஆண்டு என்றால் என்னவென்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இன்றே திருப்பிக் கொடு. குப்பையில் போடாதே; பிள்ளைகள் எடுப்பார்கள்.

மருந்தைப் பற்றி: இது 1989இல் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காகச் சந்தைக்கு வந்தது. எலும்பு மஜ்ஜையை விரட்டிச் சிவப்பணுவை உற்பத்தி செய்யவைக்கும். நோயாளிக்குப் போடும்போது ஹீமோகுளோபினை அளந்து அளந்துதான் போடுவார்கள், ஏனென்றால் அளவு தாண்டினால் ரத்தம் தடித்து உறையும். மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். உன் கைக்கு வருமுன் அது எத்தனை பஸ்ஸில் பயணம் செய்தது, ஐஸ் எத்தனை முறை உருகியது, சுரண்டப்பட்ட லேபிளில் என்ன இருந்தது என்று அந்த அண்ணனுக்கும் தெரியாது.

இப்போது சமவெளி கேட்ட கேள்விக்கும் உன் கேள்விக்கும் சேர்த்து ஒரு விஷயம். சைக்கிள் பந்தயத்தில் 1997இல், எரித்ரோபொயட்டினைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இல்லாத காலத்தில், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று எல்லை வைத்தார்கள். எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டு 50ஐத் தொட்டார்கள் என்று வைத்துக்கொள். பிறவியில் 41 இருந்தவனுக்கு ஒன்பது புள்ளி லாபம். 48 இருந்தவனுக்கு இரண்டு. அதாவது, இயற்கை யாருக்கு அதிகம் கொடுத்ததோ அவனுக்குத்தான் ஊசியால் மிகக் குறைந்த லாபம். நீ கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவன். உன் ரத்தம் சமவெளிக்காரனின் ரத்தத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மலை உனக்கு இலவசமாகக் கொடுத்ததைப் போலி செய்யத்தான் அந்த மருந்தை ஓட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் போட்டுக்கொள்ளும் போட்டியில் முதலில் தோற்பவன் மலைப் பையன்.

கல்லட்டி_36

மருந்தாளர் அக்கா சொன்ன கணக்கு எனக்குத் தோன்றாதது. ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன், இது என் கட்சிக்கே எதிரானதுதான்.

2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற 48 சைக்கிள்காரர்கள். பாதிப் பேருக்கு எரித்ரோபொயட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர், யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. எட்டு வாரம். கடைசியில் பிரான்சில் வோன்டூ மலையை ஏறச் சொன்னார்கள். இரண்டு குழுவுக்கும் நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. 1967இல் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்தோடு மிதித்து விழுந்து இறந்த அதே மலை.

விசில்_சார்

கல்லட்டியாரே, இந்த ஆய்வை இந்தப் பையன் முன்னால் வைக்காதீர்கள். அதே ஆய்வில், ஆய்வகத்தில் உச்ச சக்தியை அளந்தபோது ஊசி போட்டவர்களுக்குக் கூடியிருந்தது. அவர்கள் உலகத்தர வீரர்களும் அல்லர். நாளைக்கு இன்னொருவர் வந்து ‘வேலை செய்கிறது’ என்று நிரூபித்தால் என்ன சொல்வீர்கள், போட்டுக்கொள் என்றா? வேலை செய்யாது என்பதால் வேண்டாம் என்று சொல்கிறவன், வேலை செய்யும் மருந்து வரும்வரைதான் நல்லவன்.

கூடாரத்தைப் பற்றிச் சமவெளி கேட்டது நியாயமான கேள்வி. நானே அதை அரைமனதாகத்தான் ஏற்கிறேன். பணக்காரனுக்கு மட்டும் கிடைக்கும் பலன் அது. ஆனால் கூடாரத்துக்குள் தூங்குகிறவனின் உடம்பு, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று தானே தீர்மானித்துக்கொண்டு தானே நிறுத்திக்கொள்கிறது. ஊசியில் அந்த முடிவு அண்ணன் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசம் போதுமா என்றால் போதாதுதான். விதி எழுதுகிறவர்கள் எங்கோ ஓர் இடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். அந்த இடம் எல்லோருக்கும் சரியாகப் படாது. கோடு சற்று வளைந்திருக்கிறது என்பதற்காக மைதானத்தை விட்டே வெளியே ஓட முடியுமா?

சமவெளி_ஓட்டம்

பாதி பதில் கிடைத்தது. பின்லாந்தில் ஈரோ மான்டிரன்டா என்ற பனிச்சறுக்கு வீரர் இருந்தார். 1964 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். அவர் குடும்பத்திலேயே ஒரு மரபணு மாற்றம், எரித்ரோபொயட்டினுக்கு உடம்பு அளவுக்கு மீறிப் பதில் தரும். பிறவியிலேயே ரத்தத்தில் ஹீமோகுளோபின் மிக அதிகம். அவரோடு போட்டியிட்டவர்களுக்கு அது நியாயமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. இதைத் தேயிலைமேட்டைக் குழப்ப எழுதவில்லை.

குன்னூர்_மருந்தாளர்

நியாயம் என்றால் எல்லோரும் சமமாகப் பிறக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. அப்படியென்றால் கூடைப்பந்தில் உயரமானவர்களை வெட்டித்தான் விடவேண்டும்.

தேயிலைமேடு

எல்லோருக்கும் நன்றி. அக்கா, வைத்திருப்பதே குற்றம் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி தூக்கம் இல்லை.

ஆனாலும் கல்லட்டி அண்ணன் எழுதிய அந்த நான்காம் இடம் மனதை விட்டுப் போகவில்லை. நீங்கள் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. கடைசிச் சுற்றில் மணி அடிக்கும்போது நான் மூச்சு வாங்கி வாயைத் திறந்துகொண்டு ஓடுவேன், முன்னால் போகிறவர் மாலை நடை போவதுபோல் போவார். தோள்கூட அசையாது. எனக்குத் தெரியும், அவர் என்னைவிட நன்றாகவே பயிற்சி செய்தவராக இருக்கலாம். ஆனால் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் யாரையும் மனதாரப் பாராட்ட முடிவதில்லை. கை கொடுக்கும்போதே அவர் கையில் ஊசித் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

வெலிங்டன்_ஓய்வு

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவன். ஆள்சேர்ப்பு முகாம்களில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நிற்கும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காவலர் தேர்விலும் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால் நல்ல உடம்புள்ள எவனும் எட்டக்கூடிய நேரம் அது. அதற்கே மைதானத்துக்குப் பின்னால் காலி மாத்திரை அட்டைகள் கிடக்கும். தேவையில்லாத இடத்திலும் மருந்தைத் தேடுகிற பழக்கம் வந்துவிட்டது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது. பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடு தம்பி.

கூடலூர்_தங்கை

நான் ஓட்டக்காரி அல்ல. இணைப்பை யாரோ பகிர்ந்ததால் வந்தேன்.

என் அண்ணனுக்கு டயாலிசிஸ். வாரம் இரண்டு நாள் மலை இறங்கிப் போய்வருகிறோம். டயாலிசிஸ் முடிந்ததும் இந்த ஊசியைத்தான் போடுவார்கள். ஹீமோகுளோபின் 7க்கு இறங்கிய மாதத்தில் அவன் படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போய்த் திரும்பி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உட்காரக்கூட உடனே முடியாது. ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்து மாடிப்படி ஏறுவான். ஆகவே இது நல்ல மருந்து. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சில நாள் “இருப்பு இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். வெளியே வாங்க எங்களால் எல்லா முறையும் முடிவதில்லை. இருப்பு ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை, கேட்டால் யாரும் சொல்லப்போவதும் இல்லை. தேயிலைமேடு, லேபிளைச் சுரண்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வருகிற மருந்துகளை நானும் பார்த்திருக்கிறேன். உங்களிடம் உள்ளதில் அப்படி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த ஊசி ஓட்டக்காரருக்காகச் செய்யப்பட்டது அல்ல, எங்கிருந்தோ எடுக்கப்பட்டதுதான்.

கல்லட்டி_36

இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா.

விசில்_சார்

தேயிலைமேடு, நான்காம் இடத்துக்குப் பதில் சொல்லவில்லை என்றாய். சொல்கிறேன், பிடிக்காது.

அந்த இடத்துக்கு ஈடு கிடையாது. உன்னிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அது திருட்டுத்தான். பின்னால் என்றைக்கோ ஒருவன் பிடிபட்டு, உனக்குத் தபாலில் பதக்கம் வந்தாலும் அந்த வேலைக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். இதை இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் சந்தையில் கள்ளநோட்டு புழங்குகிறது என்று தெரிந்த பிறகு, நீயும் ஒரு கட்டு அச்சடித்துக்கொண்டு போனால், மறுநாள் உன் நல்ல நோட்டையும் எவனும் வாங்கமாட்டான். நீ இன்றைக்கு இன்னொருவன் கையில் தழும்பைத் தேடுகிறாய். அடுத்த வருடம் வெலிங்டனிலோ ஊட்டியிலோ ஒரு பையன் உன் கையில் தேடுவான், அவன் தேடுவது சரியாகவும் இருக்கும்.

1980களில் கோல்ட்மன் என்ற அமெரிக்க மருத்துவர், தங்கப் பதக்கம் உறுதி, ஆனால் ஐந்து வருடத்தில் சாவு, அப்படி ஒரு மருந்து இருந்தால் எடுப்பாயா என்று வீரர்களிடம் கேட்டபோது பாதிப் பேர் எடுப்பேன் என்றார்களாம். 2013இல் வேறு ஆய்வாளர்கள் அதே கேள்வியை 212 வீரர்களிடம் கேட்டார்கள். எடுப்பேன் என்றவர்கள் இரண்டு பேர். எனக்கு இரண்டாவது கணக்கில்தான் நம்பிக்கை. தங்கமும் சாவும் பேரம் பேச வந்தால் பிள்ளைகள் அடையாளம் கண்டு விலகிவிடுவார்கள். இது அப்படி வருவதில்லை. வேண்டிய அண்ணன், டீ பிளாஸ்க், சத்து ஊசி என்ற பெயர், வீட்டில் அப்பாவின் கடன். இந்த வேடத்தில் வந்தால் யார்தான் அடையாளம் காண்பது?

நம் ஊர்க்காரியின் கதையையும் யோசி. 2019இல் தோஹாவில் ஆசியப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வாங்கிய கோமதி மாரிமுத்துவைத் தமிழ்நாடே தூக்கி வைத்துக் கொண்டாடியது. மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து. நான்கு ஆண்டுத் தடை, பதக்கமும் போயிற்று. தான் எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். உடம்பில் இருந்தால் பொறுப்பு உன்னுடையது என்பதுதான் விதி. எப்படி வந்தது என்று நீதான் நிரூபிக்க வேண்டும். யாரோ கொடுத்ததை வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கிற பையனுக்கு இந்த விதியைவிடப் பயங்கரமானது எதுவும் இல்லை.

குன்னூர்_மருந்தாளர்

சார் சொன்ன பொறுப்பு விஷயத்தில், ஊசியை விட்டுத்தள்ளுங்கள், நம் மலையில் இருமல் மருந்தே போதும். குளிர்காலத்தில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இருமலோடுதான் வருகிறார்கள். பல இருமல் மருந்துகளில் டெர்புட்டலின் இருக்கிறது. அது தடைப்பட்டியலில் உள்ளது. 2019இல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு அதனால்தான் எட்டு மாதத் தடை. ஓடுகிற பிள்ளைகள் கடையில் வந்து “நான் போட்டியில் ஓடுகிறேன்” என்று முதலில் சொல்லுங்கள். நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். டிராமடால் வலி மாத்திரையும் 2024 ஜனவரியிலிருந்து போட்டி நேரத்தில் தடை. காபி குடிக்கலாம், கஃபீனைப் பட்டியலிலிருந்து 2004லேயே எடுத்துவிட்டார்கள்.

நடத்துநர்

எத்தனை நாளில் உடம்பிலிருந்து வெளியேறும், என்ன விலை என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மறுபடி எழுதினால் கணக்கு முடக்கப்படும்.

தேயிலைமேடு

நேற்று மாலை திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கூடலூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அந்த பிளாஸ்க்கை வீட்டில் வைத்திருக்கவே முடியவில்லை. அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். சிரித்தார். “நீ இல்லையென்றால் வரிசையில் ஆள் இருக்கிறது” என்று இரண்டு பேரைச் சொன்னார். இருவரும் +2 படிக்கிறவர்கள். ஒருவன் எங்கள் ஹட்டிக்குப் பக்கத்து ஹட்டி, உறவுமுறையில் எனக்குத் தம்பி.

என்னைப் பொறுத்தவரை இந்த வருடம் போடமாட்டேன். அடுத்த வருடமும் இதே நான்காம் இடம் என்றால் மனம் என்ன சொல்லும் என்று இப்போதே சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் அந்தப் பையன்களை என்ன செய்வது? அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா? அவர் எனக்கு முதல் ஸ்பைக் ஷூ வாங்கிக் கொடுத்தவர். அவர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். இங்கே யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

வெலிங்டன்_ஓய்வு

காட்டிக்கொடு.

சமவெளி_ஓட்டம்

சொல்வது சுலபம் ஐயா. அதே ஊரில் அவன் நாளைக்கும் பால் வாங்கப் போக வேண்டும்.

குன்னூர்_மருந்தாளர்

நாடாவுக்கு ரகசியமாகத் தகவல் கொடுக்கலாம். வாடாவுக்கும் ‘ஸ்பீக் அப்’ என்று ஒரு தளம் இருக்கிறது. பயிற்சியாளராகவோ உதவியாளராகவோ இருப்பவர் 18 நிரம்பாத பிள்ளைக்கு இப்படிப்பட்ட மருந்தைக் கொடுத்தால் வாழ்நாள் தடை. அந்த அண்ணனுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பார். தெரிந்தால் சிரித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீ இரண்டு நாள் யோசிக்கலாம். பையன்கள் விஷயத்தில் யோசிக்க நேரம் இல்லை.

தேயிலைமேடு

தம்பி முறை ஆகிறவனிடம் இன்று பேசினேன். அவனுக்கு அது ‘பி12 ஊசி’ என்று சொல்லப்பட்டிருக்கிறது. இன்னும் போடவில்லை. மற்றவன் போனை எடுக்கவில்லை. அவர்கள் பள்ளியில் இப்போது உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி, யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. அண்ணனின் பெயரை எங்கும் எழுத இப்போதைக்கு எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும்.

விசில்_சார்

பெயர் எனக்கு வேண்டாம். எந்தப் பள்ளி என்று மட்டும் தனிச்செய்தியில் எழுது. அங்கே தலைமையாசிரியர் யாராக இருந்தாலும் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு பையன்களின் அப்பா, அம்மாவும் வரவேண்டும். திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

கல்லட்டி_36

அனுமதி விஷயத்தில் என் கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை சார், அதைப் பிறகு சண்டை போடலாம். +2 பையன்களுக்கு பி12 என்று பொய் சொல்லி ஊசி போடுவது எந்தக் கட்சியிலும் சேராது. முதல் பஸ்ஸெல்லாம் வேண்டாம். ஊட்டியிலிருந்து காரில் கிளம்பி ஆறரைக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். எங்கே வரவேண்டும் என்று அனுப்புங்கள். மருந்தாளர் அக்காவும் வந்தால் நல்லது; ரத்தம் தடிப்பது எப்படி என்று நாங்கள் இருவரும் சொன்னால் எந்த அப்பாவும் நம்பமாட்டார்.

குன்னூர்_மருந்தாளர்

திங்கள் காலை கடையைத் தங்கை பார்த்துக்கொள்வாள். பெட்போர்டு நிறுத்தத்தில் நிற்கிறேன்.